நிறுத்தும் பொத்தான் எங்கே போயிற்று?

மஃரிப் நேரம். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து முடிகிறது. வுழூச் செய்துகொள்ளும்படி உம்மா மகனை அழைக்கிறார். "இந்தா வாறேன் உம்மா, இது முடியட்டும்" என்று அறைக்குள்ளிருந்து பதில் வருகிறது. ஐந்து நிமிடம் போகிறது, பத்து நிமிடம் போகிறது. மறுபடியும் அழைத்தால், "இத நிப்பாட்ட ஏலாது உம்மா!" என்று குரல் உயர்கிறது.

பிள்ளை சாக்குச் சொல்கிறான் என்றுதான் எந்தத் தாயும் எண்ணுவார். ஆனால் சகோதரிகளே, பல வேளைகளில் அவன் சொல்வது உண்மை. அவன் கையிலிருக்கும் விளையாட்டை இடையில் நிறுத்த முடியாது. ஒரு காலத்தில் வீட்டு வீடியோ கேம்கள் பலவற்றில் இருந்த நிறுத்தும் பொத்தான் இப்போதைய பல விளையாட்டுகளில் இல்லை. அது எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதை அறிந்துகொண்டால், பிள்ளையோடு சண்டை பிடிப்பதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்பதாவது நமக்குத் தெரியவரும்.

வீடியோ கேம் முதலில் பணம் உழைத்தது வீடுகளில் அல்ல, கடைகளில்தான். 1970களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அலுமாரி அளவான இயந்திரங்களைக் கடைகளில் வைத்திருந்தார்கள். நாணயத்தைப் போட்டால் விளையாடலாம். 1978இல் ஜப்பானின் டைட்டோ கம்பனி வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது. இந்த இயந்திரத்தை நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தி வைத்தால் அடுத்தவன் எப்படி நாணயம் போடுவான்? விளையாடுபவன் விரைவில் தோற்க வேண்டும், தோற்றவன் இன்னொரு நாணயத்தைத் தேட வேண்டும். கடைக்காரரின் இலாபம் அதில்தான் இருந்தது. இந்த நாணய இயந்திரத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் முதற் கருவி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 'ஒடிசி' என்று பெயர். ரால்ஃப் பேயர் என்ற பொறியியலாளர் உருவாக்கியது. அதில் சத்தமும் இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை. திரையில் சில வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே நகரும். மைதானம் வேண்டுமானால் நிறம் தீட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சிக் கண்ணாடியின்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்!

நான்கு வருடங்களின் பின், 1976இல், ஃபேர்சைல்ட் கம்பனி 'செனல் எஃப்' என்ற கருவியை வெளியிட்டது. ஜெரி லோசன் என்ற கறுப்பின அமெரிக்கப் பொறியியலாளரின் தலைமையில் உருவான கருவி அது. விளையாட்டுகளைத் தனித்தனிக் கெசட்டுகளாக மாற்றிப் போடும் முறை இதில்தான் முதலில் வந்தது. அதற்காகவே லோசனின் பெயரை நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆனால் தாய்மார் அவரை நினைவுகூர வேறொரு காரணமும் உண்டு. அந்தக் கருவியில் 'ஹோல்ட்' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் விளையாட்டு அப்படியே உறைந்து நிற்கும். சாப்பிட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீட்டில் விளையாடுபவனுக்கு வீட்டு வேலைகள் குறுக்கிடும் என்பதைச் சிந்தித்துச் செய்த பொத்தான் அது. அடுத்த வருடம் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்ட அட்டாரி கருவியில் அந்த வசதி இல்லை. நல்ல சிந்தனை உள்ள பொருள்தான் அதிகம் விற்கும் என்று யார் சொன்னது?

இனி ஜப்பானுக்குப் போவோம். கியோட்டோ நகரில் 1889இல் தொடங்கிய கம்பனி நிண்டெண்டோ. அது முதலில் செய்தது 'ஹனஃபுடா' எனும் பூப்படச் சீட்டுக்கட்டு. சூதாடிகள் விரும்பி வாங்கிய சீட்டு அது. 1965இல் அங்கு இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யொக்கோய். ஓய்வு நேரத்தில் அவர் செய்த, நீண்டு சுருங்கும் விளையாட்டுக் கை ஒன்று முதலாளி யமாவுச்சியின் கண்ணில் பட்டது. அதன் பின் யொக்கோய் விளையாட்டுப் பொருள் உருவாக்குநரானார்.

ஒருநாள் அதிவேகப் புகையிரதத்தில், அலுத்துப்போன பயணி ஒருவர் கல்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்குவதை யொக்கோய் கண்டாராம். அந்தக் காட்சியிலிருந்து பிறந்தது 1980இல் வெளிவந்த 'கேம் அன்ட் வொட்ச்'. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவி, விளையாடாத வேளையில் மணிக்கூடாகவும் பயன்பட்டது. 1982இல் வந்த அதன் ஒரு வகையில், இடது பெருவிரலுக்கென்று கூட்டல் அடையாள வடிவில் ஒரு பொத்தானை வைத்தார். அடுத்த வருடம் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஃபமிகொம்' என்ற வீட்டுக் கருவி அதே பொத்தானை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் பிள்ளைகள் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் அதைக் காணலாம். வீட்டுக் கருவியின் குட்டிதான் கைக் கருவி என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்த விடயத்தில் குட்டியிடமிருந்துதான் தாய் கற்றுக்கொண்டது.

ஃபமிகொம்மில் 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தினால் விளையாட்டு நிற்கும். இருந்தாலும் கருவியை அணைத்துவிட்டால் எல்லாம் அழிந்து போகும். ஆகவே கடவுச்சொல் முறை வந்தது. 1987இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' இரண்டாம் பாகத்தில், விட்ட இடத்திலிருந்து தொடர 52 எழுத்துகள் வரை கொப்பியில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஓர் எழுத்துப் பிழைத்தால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. பிறகு கெசட்டுக்குள்ளேயே சிறு பெட்டரியை வைத்து நினைவில் நிறுத்தும் முறை வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது.

1989இல் யொக்கோயின் குழு 'கேம் போய்' கருவியைத் தந்தது. நிறமில்லை, பச்சை கலந்த சாம்பல் திரையில் நான்கு சாயல்கள் மட்டும். அப்போதே நிறத்திரை செய்ய முடியும். போட்டிக் கம்பனியான சேகா 1990இல் நிறத்திரையோடு 'கேம் கியர்' வெளியிட்டது. அது ஆறு பெட்டரிகளை ஐந்து மணித்தியாலத்துக்குள் குடித்துத் தீர்த்தது. கேம் போய் நான்கு பெட்டரியில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. பெட்டரி வாங்கிக் கொடுப்பது யார்? பெற்றோர்தானே! பழகிப்போய் மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்து என்பது யொக்கோயின் கொள்கை. பழைய சாரியை வெட்டிப் பிள்ளைக்கு அழகான கவுன் தைக்கும் உம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேம் போயும் அதன் நிறத்திரை வகையும் சேர்ந்து உலகில் 11 கோடி 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின.

அதனோடு அமெரிக்காவில் இலவசமாகக் கொடுக்கப்பட்டது 'டெட்ரிஸ்'. 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. விழுகின்ற கட்டிகளை இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். நமது ஊர்களில் 'பிரிக் கேம்' என்ற பெயரில் புழங்கிய மலிவுக் கருவிகளில் இருந்ததும் இதே விளையாட்டுத்தான். அதில் இரத்தமும் இல்லை, ஆபாசமும் இல்லை. பிள்ளையை உறங்கவைத்துவிட்டுத் தாயும் விளையாடக்கூடியது.

1996இல் 'பொக்கிமொன்' வந்தது. சிறு வயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்த சதோஷி தஜிரி என்பவரின் படைப்பு. இரண்டு கேம் போய்களைக் கம்பியால் இணைத்துப் பிள்ளைகள் தமக்குள் விலங்குகளை மாற்றிக்கொள்ளலாம். இதன் அட்டைகளும் உலகெங்கும் பரவின. 2001இல் சவூதி அரேபியாவின் மார்க்கத் தீர்ப்புக் குழு இதைத் தடை செய்தது. அட்டைப் பரிமாற்றம் சூதாட்டத்தை ஒத்திருக்கிறது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதன் பெயருக்கு விபரீத அர்த்தம் கற்பித்த வதந்திகளும் அக்காலத்தில் உலாவின. 'பொக்கெட் மொன்ஸ்டர்ஸ்' என்பதன் சுருக்கம் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. வதந்தியைத் தள்ளிவிடலாம். காசு கொடுத்துப் பிரிக்காத பொதியை வாங்கி, உள்ளே அரிய அட்டை இருக்குமா என்று ஏங்கும் பிள்ளையைப் பற்றிய கவலையை அப்படித் தள்ளிவிட முடியாது என்பது நமது கருத்து. அதற்கு வருவோம்.

2004இல் வந்த நிண்டெண்டோ 'டீ.எஸ்.' புத்தகம் போல் மடங்கும். மூடினால் விளையாட்டு உறங்கும், திறந்தால் விழிக்கும். 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. 2006இல் வந்த 'வீ' கையை அசைத்தே விளையாடும் வீட்டுக் கருவி. 2017 மார்ச்சில் வந்த 'சுவிட்ச்' இரண்டையும் ஒன்றாக்கியது. தாங்கியில் வைத்தால் தொலைக்காட்சியில் தெரியும். எடுத்தால் கைக் கருவி. எந்த நேரத்திலும் ஒரு பொத்தானை அழுத்தி உறங்கவைக்கலாம். அப்படியானால் நம் மகன் ஏன் 'நிப்பாட்ட ஏலாது' என்கிறான்?

இணையம்தான் காரணம். எதிரே விளையாடுவது இயந்திரமாக இருந்தவரை அது காத்திருந்தது. 2017இல் வந்த 'ஃபோர்ட்நைட்' போன்றவற்றில் ஒரே களத்தில் 100 பேர் இறங்குகிறார்கள். ஒருவர் தொழப் போவதற்காக மற்ற 99 பேரும் நிற்பார்களா? ஓர் ஆட்டம் சுமார் 20 நிமிடம். இடையில் எழுந்தால் தோல்வி. நால்வர் குழுவாக ஆடினால் கூட்டாளிமாரைக் கைவிட்டவன் என்ற பேச்சு வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சு உம்மாவின் ஏச்சைவிடப் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

அத்தோடு பழைய நாணய இயந்திரமும் திரும்பி வந்துவிட்டது, இம்முறை நம் வீட்டுக்குள்ளேயே. கெசட் காலத்தில் ஒருமுறை காசு கொடுத்தால் விளையாட்டு நமக்குச் சொந்தம். இப்போது போனில் இலவசமாக இறங்கும் விளையாட்டு, உள்ளே போன பிறகு உடைக்கும் ஆயுதத்துக்கும் காசு கேட்கிறது. இன்னும் சில, மூடிய பெட்டியை விற்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பது காசு கொடுத்த பின்தான் தெரியும். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை ஓதும் நமக்கு இது எதை நினைவூட்டுகிறது? நமக்கு மட்டுமல்ல, 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணைக்குழுவும் சில விளையாட்டுகளிலுள்ள இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்றே கூறியது. ஜப்பானும் 2012இல் இதன் மோசமான ஒரு வகையைத் தடுத்தது. ஃபோர்ட்நைட்டின் உரிமையாளரான எபிக் கம்பனி, விருப்பமில்லாத கொள்வனவுகளில் மக்களைச் சிக்கவைத்தது என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 24 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த 2022 டிசம்பரில் அமெரிக்காவில் உடன்பட்டது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் செய்த கொள்வனவுகளும் அதில் அடங்கும்.

அரசுகளும் முயன்று பார்த்தன. 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று தென் கொரியா 2011இல் சட்டம் கொண்டுவந்தது. பத்து வருடங்களின் பின் அதைக் கைவிட முடிவு செய்தது. சீனா 2021இல் 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே அனுமதித்தது. சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. சுவிட்ச் கருவிக்குப் பெற்றோருக்கென்றே ஒரு செயலி இருக்கிறது. உம்மாவின் போனில் அதைப் போட்டு நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்று வரையறுக்கலாம். நேரம் முடிந்ததும் விளையாட்டை நிறுத்திவிடும்படியும் செய்யலாம். போனில் வங்கி அட்டை விபரத்தைச் சேமித்து வைக்காதீர்கள்; ஒவ்வொரு கொள்வனவுக்கும் இரகசிய இலக்கம் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். இவற்றைச் செய்யத் தெரியாவிட்டால், வெட்கப்படாமல் பிள்ளையின் ராத்தாவிடமோ சாச்சாவிடமோ கேளுங்கள்.

புதிய விளையாட்டொன்றைக் கேட்டு மகன் வரும்போது, விலையை மட்டும் விசாரிக்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை இடையில் நிறுத்த முடியுமா? ஓர் ஆட்டம் எத்தனை நிமிடம்? உள்ளே காசு கேட்குமா? 20 நிமிட ஆட்டம் என்றால், மஃரிபுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது புதிய ஆட்டம் தொடங்குவதில்லை என்று அவனோடு முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளலாம். சண்டை அநேகமாக ஆட்டத்தின் நடுவில்தான் வருகிறது. தொடங்குவதற்கு முன் பேசினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் நியாயம் விளங்கும்.