நார்மன் வுட்ஹவுஸ்: ரக்பி களமும் போர்க்கடலும்

வேல்ஸ், பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நான்கு அணிகளையும் ஒரே பருவத்தில் இங்கிலாந்து ரக்பி அணி முதன்முதலாக வென்றது 1913ஆம் ஆண்டில். அந்த அணிக்குத் தலைமை தாங்கிய நார்மன் வுட்ஹவுஸ் முழுநேர ஆட்டக்காரர் அல்லர். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1887இல் பிறந்த இவர் 1910 முதல் 1913 வரை 14 சர்வதேச ஆட்டங்களில் ஆடினார்.

அந்தக் காலத்தில் ரக்பி யூனியன் ஆட்டக்காரர்கள் பணம் வாங்கக் கூடாது. இழந்த கூலிக்கு ஈடு கேட்ட வட இங்கிலாந்துக் கழகங்கள் 1895இலேயே தனியாகப் பிரிந்து போயிருந்தன. கூலியை நம்பி வாழ்ந்த தொழிலாளிக்கு எட்டாத வசதி கடற்படை அதிகாரிக்கு இருந்தது: ஆடினாலும் ஆடாவிட்டாலும் மாதச் சம்பளம் வந்துவிடும். கப்பல் கரையில் இருக்க வேண்டும், விடுப்பு கிடைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

1913இன் தொடக்கம் நன்றாக இல்லை. டுவிக்கனம் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவிடம் 3-9 என்று இங்கிலாந்து தோற்றது. ஆனால் பிறகு ஆடிய நான்கு ஆட்டங்களில் எதிரணிகளுக்கு அது விட்டுக்கொடுத்தது மொத்தமே நான்கு புள்ளிகள். அதுவும் அயர்லாந்து பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைத்து அடித்த ஒரு டிராப் கோல். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் பதிக்கும் டிரை ஒன்றுகூட இல்லை. முன்கள வீரராக ஆடிய கேப்டனுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று தேவையில்லை.

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அணித்தோழரும் கடற்படை அதிகாரியுமான பிரான்சிஸ் ஓக்லி 1914இல் நீர்மூழ்கிக் கப்பலோடு மறைந்தார். 1916இல் ஜட்லாண்ட் கடற்போரில் ‘ரிவெஞ்ச்’ போர்க்கப்பலில் பணியாற்றிய வுட்ஹவுஸ் உயிர் பிழைத்தார். படிப்படியாக உயர்ந்து வைஸ் அட்மிரல் ஆனார்.

இரண்டாம் உலகப் போரில் ஓய்வுபெற்ற அட்மிரல்கள் பலர் திரும்பி வந்து கொமடோர் பொறுப்பேற்றார்கள். கூட்டமாகச் செல்லும் வணிகக் கப்பல்களை வரிசை குலையாமல் நடத்துவது அந்த வேலை. பாதுகாப்புக்கு வரும் போர்க்கப்பல்கள் கொமடோரின் ஆணைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. கப்பல்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி, என்ன வேகம், எங்கே திரும்புவது என்பவற்றை வணிகக் கப்பல் ஒன்றில் இருந்தபடி கொடிகளாலும் விளக்குகளாலும் அவர் சொல்ல வேண்டும். வணிகக் கப்பல் மாலுமிகளோ கடற்படை ஒழுங்கில் பழகியவர்கள் அல்லர். பெரும்போர்க்கப்பல்களில் இருந்தவருக்கு இது பதவி இறக்கம் போலத் தோன்றும். ஆபத்து மட்டும் குறையவில்லை.

வுட்ஹவுஸும் அந்தப் பணியை ஏற்றார். பிரிட்டனிலிருந்து வெளியே செல்லும் கப்பல் கூட்டங்கள் அட்லாண்டிக்கில் ஓர் எல்லை வரை சேர்ந்து போய், பிறகு பிரிந்து தனித்தனியே பயணம் செய்யும். அவர் பொறுப்பிலிருந்த கூட்டமும் அவ்வாறே பிரிந்தது. அவர் இருந்த ‘ராபர்ட் எல். ஹோல்ட்’ துணையின்றித் தெற்கே சென்றபோது, 1941 ஜூலை 4 அன்று கனேரித் தீவுகளுக்கு அப்பால் யு-69 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி பீரங்கியால் சுட்டு அதை மூழ்கடித்தது. கப்பலில் இருந்த எவரும் தப்பவில்லை. வுட்ஹவுஸுக்கு அப்போது வயது 54.