பலாலி – திருச்சி: வானில் 184 கிலோமீற்றர், வாசலிலிருந்து எவ்வளவு?

2025 மார்ச் இறுதியில் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே நேரடி விமான சேவை ஆரம்பமானதிலிருந்து, புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் உறவினர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு நேரம்? கேட்பவர்களில் அனேகர் வைத்தியத்துக்குப் போகிறவர்கள். நோயாளியைக் கூட்டிச் செல்பவருக்கு இந்தக் கணக்கு முக்கியமானது.

நேர்கோட்டில் அளந்தால் இரு விமான நிலையங்களுக்கும் இடையில் சுமார் 184 கிலோமீற்றர். சில இணையத்தளங்கள் 99 மைல் என்று காட்டும். அதைச் சாதாரண மைலாக எண்ணி 160 கிலோமீற்றர் என்று சொல்பவர்கள் உண்டு. விமானத்துறை அளப்பது கடல்மைலில். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள், கணக்கு ஒத்துவரும்.

பலாலி ஓடுபாதை நீளம் குறைந்தது. ஆகவே அங்கு வருவது பெரிய ஜெட் அல்ல, ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர். அப்படியானால் 22 நிமிடத்தில் திருச்சி வந்துவிட வேண்டுமே? ஆனால் அட்டவணையில் ஒரு மணித்தியாலமளவு இருக்கும். காரணம், அட்டவணை நேரம் என்பது விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் தரித்து நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மெதுவாக உயர ஏறுவது, இறங்குவதற்கு வரிசையில் சுற்றி வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். சென்னைக்கு சுமார் 355 கிலோமீற்றர். பறக்கும் கணக்கு 43 நிமிடம், அட்டவணை ஒன்றேகால் மணித்தியாலமளவு. இரண்டிலும் மேலதிகமாகச் செலவாவது அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. தூரம் குறைந்தாலும் இந்தச் செலவு குறைவதில்லை.

(2006 ஏப்ரலிலிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். ஆகவே டிக்கெட்டில் உள்ள இரு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம்.)

இனி கட்டுநாயக்கவை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து திருச்சிக்கு சுமார் 417 கிலோமீற்றர், பலாலியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஜெட் விமானம் என்பதால் அதுவும் ஒரு மணித்தியாலமளவில் போய்விடும். வானில் கிடைக்கும் இலாபம் அனேகமாகப் பூச்சியம். முடிவு தரையில்தான் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எமது குடும்பங்கள் பல இன்றும் இரண்டு ஊர்களில் வாழ்கின்றன. யாழ். சோனகத் தெருவில் மீளக்குடியேறியவருக்கு பலாலி முச்சக்கர வண்டியில் போகும் தூரம். கட்டுநாயக்க என்றால் ஓர் இரவுப் பயணம். அவருக்கு பலாலி பெரிய நிவாரணம், சந்தேகமே இல்லை. புத்தளத்தில் இருப்பவருக்கோ கட்டுநாயக்க சுமார் 100 கிலோமீற்றர். பலாலிக்கு அநுராதபுரம், வவுனியா வழியாக 250 கிலோமீற்றருக்கு மேல். "பக்கத்து விமானம்" என்ற பேச்சை நம்பி முதியவர்களை அவ்வளவு தூரம் வேனில் இருத்துவது வீண் வேலை.

எங்கள் சாச்சியின் பயணத்திலும் இதே விவாதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகன், உம்மா தன்னோடு பலாலியால்தான் வரவேண்டும் என்று நின்றார். தரைத் தூரத்தை எழுதிக் காட்டினேன். சாச்சி புத்தளத்திலிருந்து மகளோடு கட்டுநாயக்கவால் போனார். மகன் பலாலியால் போய் திருச்சியில் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.