பூசத்துக்குப் போடும் மாத்திரை, வலிக்கு மட்டும் வேண்டாமா?

தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, நம் பகுதி கிளினிக்குகளில் பெண்கள் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கும் மாத்திரை ஒன்று உண்டு. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. பால்குடம் எடுக்க வேண்டும், விரதம் கெடக்கூடாது, பத்துமலையின் 272 படிகளையும் ஏறியாக வேண்டும். ஆனால் தேதி இடிக்கிறது. அம்மாவே மகளை கிளினிக்குக்கு அழைத்துப் போவார். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்றாலும் இதே கதைதான்.

அந்த மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது நோரெதிஸ்டெரோன் என்ற ஹார்மோன். இதே மருந்தை எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய்க்கும் மருத்துவர்கள் மாதக்கணக்கில் தருவதுண்டு. அப்போது மட்டும் வீட்டில் குரல் மாறிவிடுகிறது. "ஹார்மோன் மாத்திரையா? கர்ப்பப்பை கெட்டுப்போகுமே! கல்யாணமாகாத பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" சாமி காரியத்துக்கு என்றால் சரி, வலிக்கு என்றால் சந்தேகம். விரதத்தையோ நம்பிக்கையையோ நான் குறை சொல்லவில்லை. நானே தைப்பூச நேரலைக்காகப் பத்துமலை அடிவாரத்தில் மணிக்கணக்கில் மைக்கோடு நிற்பவள்தான். இந்தக் கணக்குதான் எனக்கு ஒத்துவரவில்லை.

கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கருக்குழாய், இடுப்புக்குழியின் உட்சுவர், சிலருக்குக் குடல் வரைக்கும்கூட அது ஒட்டிக்கொள்கிறது. அதனால் வீக்கமும் தழும்பும் ஏற்படுகின்றன, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாதவிலக்கு நாளில் மட்டும்தான் வலிக்கும் என்றில்லை. மலம், சிறுநீர் கழிக்கும்போது வலி, தாம்பத்தியத்தில் வலி, வயிறு உப்புசம், எத்தனை தூங்கினாலும் தீராத அசதி என்று பல முகங்கள் அதற்கு. சிலருக்குக் குழந்தைப்பேறு தள்ளிப்போகும்போதுதான் விஷயமே வெளியில் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. நோய் இதுதான் என்று தெரியவே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

எனக்கு 12 ஆண்டுகள் ஆயின. பதினேழு வயதில் பள்ளிக் கழிப்பறையில் சுருண்டு கிடந்தபோது கேட்டதும், வானொலியில் சேர்ந்த பிறகு ஒரு கிளினிக்கில் கேட்டதும் ஒரே வார்த்தைதான்: "நார்மல்." காலை நிகழ்ச்சியில் மடியில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு, "வணக்கம் நேயர்களே" என்று சிரித்த நாள்கள் ஏராளம்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற பத்மா லட்சுமியை 'டாப் செஃப்' சமையல் நிகழ்ச்சியில் பார்த்திருப்பீர்கள். பதின்ம வயதில் தொடங்கிய வலிக்கு அவருக்குப் பெயர் கிடைத்தபோது வயது 36. அதன் பிறகு, 2009இல், தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவரோடு சேர்ந்து அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறநிறுவனத்தைத் தொடங்கினார். வசதியும் புகழும் உள்ளவருக்கே இத்தனை ஆண்டுகள் என்றால், கிள்ளானிலிருந்து கோமூட்டரில் நின்றுகொண்டே வேலைக்கு வரும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இப்போது 'செல்ஃப் கேர்' என்றால் வாசனை மெழுகுவத்தியும் ஸ்பாவும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த நோயோடு வாழ்பவருக்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். வலி எந்தத் தேதியில் வந்தது, எங்கே வலித்தது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுக்கலாம், என்ன மருந்து போட்டீர்கள், அது எத்தனை மணி நேரம் கேட்டது, அன்று எந்த வேலை நின்றுபோனது என எல்லாவற்றையும் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினாலே ஓர் ஒழுங்கு தெரியும்.

இனி என் தொழில் பாடம். வானொலியில் 30 வினாடி விளம்பரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். மருத்துவரின் அறையிலும் நேரம் குறைவுதான். "கொஞ்சம் வயிறு வலிக்குது டாக்டர்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். "ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் வேலைக்குப் போக முடியவில்லை, வலி மாத்திரை கேட்கவில்லை, மலம் கழிக்கும்போதும் வலிக்கிறது, எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா என்று பார்க்க வேண்டும்" என்று எழுதிவைத்துப் படியுங்கள். வெட்கமாக இருந்தால் தாளை அப்படியே நீட்டிவிடலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. சிறு புள்ளிகள் ஸ்கேனில் தப்பிவிடும். வலியின் அளவுக்கும் நோய் பரவிய அளவுக்கும்கூடப் பொருத்தம் இருப்பதில்லை.

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். வெந்நீர் ஒத்தடம் உண்மையிலேயே இதம் தரும். மெல்ல நடப்பது, இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபி ஆகியவை சிலருக்கு உதவுகின்றன. உளுந்தங்களி, வெந்தயம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். பாட்டியின் கைமணத்தை நான் விடுவதாக இல்லை. ஆனால் எந்த ஓர் உணவும் பொடியும் இந்த நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரைகளை, வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் தொடக்கத்திலேயே, வெறும் வயிற்றில் அல்லாமல், எடுத்துக்கொண்டால் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அடுத்த படி ஹார்மோன் சிகிச்சை: டையனோஜெஸ்ட் போன்ற மாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம். அதற்கும் மேலே லேப்பரோஸ்கோபி அறுவை சிகிச்சை. அறுவைக்குப் பின்னும் திரும்ப வரலாம். ஹார்மோன் மருந்துகளுக்குப் பக்கவிளைவுகள் உண்டு. இரத்தக்கட்டு, கல்லீரல் பிரச்சினை இருந்தவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். (பூசத்துக்கு மாத்திரை வாங்கும்போதும்தான்!) அவை கருப்பையைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கு மட்டும் அடிப்படை இல்லை. "கல்யாணம் பண்ணி ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்" என்பதையும் மறந்துவிடலாம். நோயைக் குணப்படுத்துவதற்காகக் கர்ப்பமாகச் சொல்லக்கூடாது என்று ஐரோப்பிய மருத்துவர் அமைப்பின் 2022 வழிகாட்டியே கூறுகிறது.

வேலைக்குப் போகும் தங்கைகளுக்கு ஒரு சேதி. நம் வேலைச் சட்டத்தில் மாதவிலக்குக்கென்று தனி விடுப்பு இல்லை. ஆனால் சம்பளத்தோடு கூடிய எம்.சி. உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்கும் நாள்களுக்குத் தனிக் கணக்கு. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துவழி விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மருத்துவரின் கடிதத்தை இணைத்து, மாதத்தில் அந்த இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டுப் பாருங்கள்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் மலேசியர்களுக்கு 1 ரிங்கிட். அங்கே கடிதம் வாங்கி மருத்துவமனையின் மகளிர் நோய் நிபுணரிடம் போனால் 5 ரிங்கிட். காத்திருக்க வேண்டிவரும், அதனால் இன்றே பெயரைப் பதியுங்கள். இதே நோயோடு வாழும் பெண்களிடம் பேச வேண்டும் என்றால் 'மைஎண்டோசிஸ்' என்ற மலேசிய எண்டோமெட்ரியோசிஸ் சங்கம் இருக்கிறது. முதல் நாள் நிபுணரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையோ கணவரையோ கூடவே அழைத்துப் போங்கள். ஹார்மோன் மாத்திரையைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் கேள்வியை அவர்களே மருத்துவரிடம் கேட்கட்டும்.