வேலி நீங்கிய வனம்

'ஸபாரி' என்னும் சொல் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. வடநாட்டு ரயில் நிலையங்களில் நாம் நாள்தோறும் கேட்கும் 'ஸபர்' என்னும் சொல்லும் அதுவும் ஒரே அரபு மூலத்தினின்று பிறந்தவை. பயணம் என்பதே பொருள். ஸ்வாஹிலி மொழியின் வாயிலாக அது உலகெங்கும் பரவிற்று.

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில் க்ரூகர் தேசிய வனம் 1926-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. அதன் மேற்கு எல்லையை ஒட்டிச் சுமார் 65,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ளது சாபி சாண்ட் என்னும் தனியார் வனம். நில உடைமையாளர் பலர் ஒன்றுகூடிக் காத்துவருவது இது. அரசு வனத்தில் நாம் நமது காரிலேயே செல்லலாம்; ஆயின் சாலையை விட்டு விலகலாகாது. தனியார் வனத்திலோ, விடுதியாரின் திறந்த ஜீப்பில் வழிகாட்டியுடன் செல்கிறோம். சிறுத்தை புதருக்குள் நுழைந்தால் ஜீப்பும் பின்தொடரும். இதற்கான கட்டணம் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரரைத் திகைக்க வைப்பதே!

ஜீப்பின் முன்முனையில் தனி இருக்கையில் அமர்ந்திருப்பவரே இப்பயணத்தின் உயிர்நாடி. பெரும்பாலும் த்சோங்கா இனத்தவரான அவர், மணலில் பதிந்த அடிச்சுவட்டைக் கொண்டே, சென்ற விலங்கு யாது, எப்பொழுது சென்றது, எத்திசை நோக்கிற்று என்று உரைப்பார். சுவட்டின் விளிம்பு கூர்மையாயிருந்தால் அது புதியது. காற்றாலும் பனியாலும் மழுங்கியிருந்தால் பழையது. இரவில் திரியும் பூச்சியின் தடம் அதன்மேல் குறுக்கிட்டிருந்தால், விலங்கு விடியுமுன்பே சென்றுவிட்டது என்று கொள்வார். ஜீப்பில் எவரும் எழுந்து நிற்கலாகாது. அமர்ந்திருக்கும்வரை வண்டியையும் மனிதரையும் சிங்கம் ஒரே உருவமாகக் கொள்கிறது என்பது வழிகாட்டிகளின் அனுபவம்.

நிலத்திற்கு உடையவர் உண்டு. விலங்குகளுக்கோ எல்லைக்கல் தெரியாது. 1961-இல் கோமாரி நோயைத் தடுக்கும் பொருட்டு இரு வனங்களுக்கும் இடையே வேலி எழுப்பினர். வறண்ட மாதங்களில் நீரும் புல்லும் நாடி மேற்கே செல்லும் வில்டபீஸ்ட் மந்தைகளின் வழி அடைபட்டது. அவற்றின் எண்ணிக்கையும் பெரிதும் குன்றிற்று. 1993-இல் வேலி அகற்றப்பட்டது. இன்று யானையொன்று காலையில் அரசு வனத்தில் மேய்ந்து, மாலையில் தனியார் வனத்தில் நீரருந்தக் கூடும்.

மனிதருக்கு வழி திறக்க மேலும் காலமாயிற்று. இப்பகுதியிலிருந்து முன்னாளில் வெளியேற்றப்பட்ட குடிகள் தம் நிலத்தைத் திரும்பக் கோரினர். சாபி சாண்டிலேயே பெயர்பெற்ற மாலாமாலா என்னும் பகுதியை, சுமார் 13,000 ஹெக்டேர் நிலத்தை, அரசே விலைகொடுத்து வாங்கி 2013-இல் ன்வாண்ட்லாம்ஹாரி சமூகத்தாரிடம் ஒப்படைத்தது. ஸபாரி விடுதி மூடப்படவில்லை. புதிய உரிமையாளரான அச்சமூகத்தாருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நடைபெற்று வருகிறது.