கோபுரத்தில் தொங்கும் குழாய் மணிகள்

நம் ஊர்ப் பக்கத்துச் சிறு ரயில் நிலையங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடித்து மணி அறிவித்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மணி வாங்க வசதியில்லாத குறைக்கு அது ஒரு மாற்று என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அதே தத்துவத்தில் அமைந்த குழாய் மணிகள் தேவாலயக் கோபுரங்களில் பண் இசைக்கின்றன என்பதைப் பின்னரே அறிந்தோம்.

கோபுரத்திற்குக் குழாய் எதற்கு? தசராவுக்கு மைசூர் செல்லும் நம்மவர் அங்குள்ள பெரிய மணிக்கூண்டைப் பார்த்திருப்பர். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளிவிழா நினைவாக 1927-இல் எழுந்தது அது. அதன் கனத்த மணியின் அதிர்வால் கட்டடத்திற்குக் கேடு நேருமென்று அஞ்சி, பிற்காலத்தில் அதன் ஓசையை நிறுத்திவிட்டனர். கடிகாரம் உண்டு, நாவில்லை! வார்ப்பு மணியின் தொல்லை இதுவே. அதைத் தாங்கக் கோபுரமும் திண்ணியதாக இருத்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் ஹாரிங்டன் என்பார் 1880-களில் இதற்கு வழி கண்டார். நீண்ட உலோகக் குழாய்களைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் நுனியருகே சுத்தியால் தட்டச் செய்தார். குழாய் ஆடுவதில்லை, எடை குறைவு, செலவும் குறைவு. எளிய கோபுரங்களுக்கும் இசை கிட்டியது.

இதில் ஒரு விந்தை உண்டு. வீணைத் தந்தியைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜம் பேசும். குழாயிலோ நீளத்தைப் பத்தில் ஏழு பங்காகக் குறைத்தாலே மேல் ஸட்ஜம் வந்துவிடும். பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். மேலும், நாம் கேட்கும் சுருதி குழாயின் அதிர்வுகளில் தனியே இருப்பதன்று. பல அதிர்வுகளைச் சேர்த்து நம் செவியே அதனை அமைத்துக்கொள்கிறது.

சிம்லாவின் கிறிஸ்து தேவாலயத்தில் இத்தகைய குழாய்கள் ஆறு உள்ளன. கயிற்றை இழுத்தால் சுத்தி குழாயைத் தட்டும். 1982-இல் பழுதுற்றபின் அவை ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் வாய்மூடிக் கிடந்தன. 2019 கிறிஸ்துமஸை ஒட்டிப் பழுது நீக்கப்பட்டு மீண்டும் ஒலித்தன. ஒரு தலைமுறை முழுவதும் அவ்வோசையைக் கேளாமலே வளர்ந்திருக்கிறது என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

இவற்றைக் காப்பது பெருஞ்செலவன்று, பொறுமையே வேண்டும். தொங்கவிடும் கயிறு நைந்தால் உடனே மாற்ற வேண்டும். அறுந்து விழுந்த குழாய் நசுங்கினால் சுருதி போயிற்று. சுத்தி முனையின் தோல் இறுகிப்போனால் ஓசை கரகரக்கும். துருப்பிடித்த நுனியை அராவிச் சரிசெய்வதாக எண்ணி நீளத்தைக் குறைத்துவிடுதல் தகாது.

ஒலிப்பதிவைப் பெருக்கியில் போட்டால் போதாதா என்று சிலர் வினவக்கூடும். நம் கோயில்களில் மின்மேளம் புகுந்த பின்பு மேளக்காரர் என்ன ஆனார் என்பதை அவர்களே சொல்லட்டும்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903 முதல் ஓடும் சிறிய ரயிலில் 96 கிலோமீட்டர் ஏறிச் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள், ஞாயிறு வழிபாட்டு வேளையில் தேவாலயத்தருகே சற்று நிற்க வேண்டுகிறோம். அவ்வளவு தூரம் செல்ல இயலாதோர், விடுமுறைக்கு ஊர் செல்கையில் பழைய பள்ளியில் அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் தொங்குகிறதா என்று பார்க்கலாம். இருந்தால் நுனியில் ஒரு தட்டும், நடுவில் ஒரு தட்டும் தட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுக. இரண்டின் ஓசையும் வேறு வேறு.