உங்களுக்குத் தெரியுமா? வாழ்த்தும் அதிர்ஷ்டமும் பாட்டின் பெயரில்

சிலப்பதிகாரத்தின் முதல் பகுதிக்குப் பெயரே 'மங்கல வாழ்த்துப் பாடல்'. திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் புகார் நகரையும் போற்றிவிட்டுத்தான் இளங்கோவடிகள் கல்யாணப் பந்தலுக்குள் நுழைகிறார். அங்கே பெண்கள் பூத்தூவி, கண்ணகியும் கோவலனும் பிரியாமல் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்து பலிக்கவில்லை. பலிக்காமல் போன கதைதான் காப்பியம் முழுவதும்.

அந்தக் கண்ணகியைப் பார்க்க, இலங்கை மலையகத்துக் கலஹாவில் இருப்பவர்கள் மதுரைக்குப் போக வேண்டியதில்லை, கண்டிக்கு பஸ் ஏறினால் போதும். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று கண்டியின் நான்கு தேவாலயங்களில் பத்தினித் தெய்வம் நம்முடைய கண்ணகிதான். எசல பெரஹராவில் தேவாலய வரிசையில் கடைசியாக வருவது அவளுடைய ஊர்வலம். சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோயிலுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்திருந்ததைச் சிலம்பே சொல்கிறது. அம்மை கண்டாலும் மழை பொய்த்தாலும் சிங்கள மக்கள் வேண்டிக்கொள்வது பத்தினியைத்தான். தன் கல்யாணத்தில் கேட்ட வாழ்த்து தனக்குப் பலிக்காத ஒருத்தி, ஒரு நாட்டுக்கே நலம் தருபவளாக நிற்கிறாள். நல்லதிர்ஷ்டம் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

சிங்களக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்களா? மணமக்கள் போருவை மேடையில் நிற்கும்போது வெள்ளை உடுத்த சிறுமிகள் வரிசையாக நின்று பாடுவது 'ஜயமங்கள காதா'. வெற்றியும் மங்கலமும் பெயரிலேயே இருக்கின்றன. பாளி மொழிப் பாட்டு. மாரன், நாளாகிரி யானை, அங்குலிமாலன் என்று புத்தர் வென்ற எட்டு வெற்றிகள் எட்டுப் பாட்டில் வருகின்றன. அங்குலிமாலன் விரல்களை மாலையாகக் கட்டிப் போட்டுக்கொண்டவன். நாளாகிரி மதம் பிடித்த யானை. கல்யாண வீட்டில் இவ்வளவு பயங்கரம் எதற்கு என்று தோன்றலாம். புத்தர் இவற்றையெல்லாம் ஆயுதமின்றிப் பொறுமை, அன்பு போன்றவற்றால் வென்றார். புதிதாகக் குடும்பம் தொடங்குகிறவர்களுக்குச் சொல்ல அதைவிட ஏற்றது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பௌத்தர்கள் பிரித் ஓதும் இரவுகளில் ஒலிபெருக்கியில் கேட்கும் ஓதல்களில் ஒன்று மகாமங்கல சூத்திரம். எது உயர்ந்த மங்கலம் என்ற கேள்விக்குப் புத்தர் 38 விடைகள் சொல்கிறார். சகுனமும் தாயத்தும் அந்தப் பட்டியலில் இல்லை. மூடரோடு சேராமல் இருப்பது, தாய் தந்தையரைப் பேணுவது, நன்றி மறவாமை போன்றவையே இருக்கின்றன.

மேல்நாட்டுப் பாட்டுகளுக்கு வந்தால், எல்விஸ் பிரெஸ்லியின் 'குட் லக் சார்ம்' 1962இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பெயர் தாயத்தைச் சொன்னாலும், முயல்காலும் அதிர்ஷ்டக் காசும் வேண்டாம், நீ இருந்தால் போதும் என்று காதலியிடம் சொல்கிற பாட்டு அது.

1939இல் கிரேசி ஃபீல்ட்ஸ் பாடிய 'விஷ் மீ லக்' போருக்குப் போகிறவர்களை வழியனுப்பும் பாட்டாகிவிட்டது. கார்ல் ஓர்ஃப் 1937இல் மேடையேற்றிய 'கார்மினா புரானா'வின் புகழ்பெற்ற தொடக்கப் பாட்டு அதிர்ஷ்டதேவதையின் பெயரைத் தாங்கியது. ஆனால் அவளை வாழ்த்தவில்லை, நிலவுபோல் வளர்ந்து தேய்கிறாயே என்று அழுது முறையிடுகிறது.

நம் சினிமாவில் 'லக்கி மேன்' இரண்டு முறை வந்துவிட்டது: 1995இல் கார்த்திக்குக்கு, 2023இல் யோகி பாபுவுக்கு. 2000இல் பிரசாந்துக்கு 'குட்லக்'. இவற்றைவிட எனக்குப் பிடித்த தலைப்பு 1963இல் எம்.ஜி.ஆர். நடித்த 'கொடுத்து வைத்தவள்'. அதிர்ஷ்டம் தானாக வந்து விழுவதில்லை, எப்போதோ கொடுத்து வைத்ததுதான் இப்போது திரும்பி வருகிறது என்ற நம் வீட்டுப் பேச்சு அதில் அப்படியே இருக்கிறது. பாபநாசம் சிவன் காபி ராகத்தில் யசோதையைப் பார்த்துப் பாடிய 'என்ன தவம் செய்தனை' கேட்பதும் அதைத்தான்.

கலஹாவைத் தாண்டி தெல்தோட்டைப் பக்கம் போனால் லூல்கந்துர தோட்டம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம். கண்டிச்சீமையில் தேயிலைத் தூருக்கடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஆசை காட்டித் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கதையை இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதிர்ஷ்டம் என்ற பெயரில் செய்யப்பட்ட அந்த ஏமாற்றை மறக்கக் கூடாது. அந்த மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை (1914-1984). 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தோட்டத்துப் பாட்டையும் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கித் தந்தார்.

தோட்டத்தில் தப்பு மேளத்துக்கு நல்லது கெட்டது என்ற பேதம் கிடையாது. விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பு, சாமி புறப்பாட்டுக்கும் தப்பு, சாவு வீட்டுக்கும் அதே தப்பு. அடி மட்டும் மாறும். காது பழகியவருக்கு லயத்துக்குள் இருந்தபடியே என்ன சேதி என்று தெரிந்துவிடும்.

பேராதனைப் பல்கலைக்கழகம் இருப்பது கலஹா வீதியில். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' கூத்துகளை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். கர்ணனைப் போல அதிர்ஷ்டம் கெட்டவன் யார்? அவன் கதையை விடிய விடிய ஆடினாலும் கூத்து வாழி பாடித்தான் முடிய வேண்டும். ஊர் வாழ, மழை வாழ, பார்த்தவர்கள் வாழ.

இலங்கைக் கோயில்களிலும் பாடசாலைகளிலும் பாடும் பஞ்சபுராணத்தில் நான்காவது திருப்பல்லாண்டு. சேந்தனார் தில்லைக் கூத்தனையே பல்லாண்டு வாழ்க என்கிறார். கடவுளுக்கே மனிதன் தரும் வாழ்த்து! கடைசியில் பாடுவது கச்சியப்பரின் கந்தபுராண வாழ்த்து. அதில் முதல் வேண்டுதலே மழை தவறக் கூடாது என்பது. எல்லா உயிரும் குறையின்றி வாழட்டும் என்ற வேண்டுதலும் அதில் உண்டு. எனக்கு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. தேயிலை மலையில் இதைப் பாடுகிறவர்களுக்கு மழையின் அளவு அத்துபடி. மழை இல்லாவிட்டால் கொழுந்து வராது, நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அளவு மீறினால் படங்கைக் கட்டிக்கொண்டு நனைந்தபடி மலையேற வேண்டும், லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரியுமோ என்று இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும்.