சிகிச்சைக்குப் பின் முளைக்கும் முடி: பேணுதலும் சாயமிடுதலும்

மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். அதனைக் குணப்படுத்த அளிக்கப்படும் மருந்துகளுள் பல, தலைமுடியை உதிரச் செய்யும் தன்மையுடையவை. பிறந்தது முதல் எண்ணெய் தேய்த்து, பின்னலிட்டு, பூச்சூடிப் பேணிய கூந்தல் ஓரிரு வாரங்களில் கைப்பிடி கைப்பிடியாகக் கழன்று வருவது எந்தப் பெண்ணுக்கும் பெருந்துயரம் தருவதே. இவ்வச்சத்தால் சிகிச்சைக்குச் செல்லத் தயங்குவோரும், இடையிலேயே நிறுத்திவிட எண்ணுவோரும் உள்ளனர். வேறு சிலர், சிகிச்சை முடிந்து முடி அரும்பியவுடனேயே நரையை மறைக்க வீரியமான சாயத்தைப் பூசி, தலைத்தோலைப் புண்ணாக்கிக் கொள்கின்றனர். முடி ஏன் உதிர்கிறது, எப்போது முளைக்கும், அதை எவ்வாறு பேணுவது, சாயம் எப்போது இடலாம் என்பவற்றை நாம் தெளிவாக அறிந்திருப்போமாயின் இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கலாம்.

முடி உதிர்வது ஏன்?

மனிதனின் தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் முடிக்குழிகள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முடியின் வேரிலுள்ள உயிரணுக்கள் நம் உடலில் மிக விரைவாகப் பெருகும் அணுக்களைச் சேர்ந்தவை. புற்றணுக்களும் அவ்வாறே விரைந்து பெருகுபவை. கீமோதெராபி எனப்படும் மருந்துச் சிகிச்சை, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. நோயணுவையும் முடியின் வேரணுவையும் அம்மருந்தால் வேறுபடுத்தி அறிய இயலாது. எனவே முதல் மருந்தேற்றிய இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முடி கழலத் தொடங்குகிறது. புருவமும் இமைமுடியும்கூட உதிரலாம்.

எல்லா மருந்துகளும் இவ்வாறு செய்வதில்லை. டாக்சோரூபிசின், பாக்லிடாக்சல் போன்றவை பெரும்பாலும் தலையை முழுவதும் வெறுமையாக்கும். வேறு சில மருந்துகள் முடியை அடர்த்தி குறையச் செய்வதோடு நின்றுவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சையில், கதிர் படும் இடத்து முடி மட்டுமே உதிரும். தமக்கு அளிக்கப்படும் மருந்து எத்தகையது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். நம் வீட்டு முற்றங்களில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் இரு புற்றுநோய் மருந்துகள் பிரித்தெடுக்கப்படுகின்றன. 1950-களில் தொடங்கிய ஆராய்ச்சியின் பயன் அது. அம்மருந்துகளும் முடியை உதிரச் செய்யக்கூடியவையே. மருந்து அச்செடியில் உள்ளது எனக் கேட்டு, இலையை இடித்துக் குடிக்க எவரும் முற்படலாகாது. செடியில் உள்ள நச்சுப்பொருளின் அளவு நம் கைக்குக் கட்டுப்படாது. அது உயிருக்கே ஆபத்தாகும்.

மீண்டும் முளைப்பது எப்போது?

ஆண்டுதோறும் வறட்சிக் காலத்தில் இரப்பர் மரங்கள் இலைகளை உதிர்த்து மொட்டையாக நிற்பதை நாம் காண்கிறோம். மரம் பட்டுப்போயிற்று என்று அப்போது எவரும் எண்ணுவதில்லை. வேர் உயிரோடிருக்கிறது, சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடும், பின்னர் அத்தளிர் பசுமையாகும் என்பது நமக்குத் தெரியும். முடியின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே. உதிர்வது முடி, முடிக்குழி பெரும்பாலும் அழிவதில்லை.

கடைசி மருந்தேற்றிய மூன்று முதல் ஆறு வாரங்களில், குழந்தையின் தலைமுடியைப் போன்ற மெல்லிய பூனைமுடி அரும்பும். அதன்பின் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் முடி வளரும். இவ்வாறு கணக்கிட்டால் ஆறு மாதத்தில் ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் நீளத்தை எதிர்பார்க்கலாம். முதலில் வரும் முடி முன்னைப்போல் இராமல் சுருண்டு வளரலாம். நரைத்தோ நிறம் மங்கியோ இருக்கலாம். முடிக்கு நிறமூட்டும் அணுக்கள் முழு அளவில் செயல்படச் சிறிது காலம் பிடிப்பதே இதற்குக் காரணம். பலருக்கு ஓராண்டிற்குள் பழைய நிறமும் தன்மையும் திரும்பிவிடுகின்றன; சிலருக்கு மாற்றம் நிலைத்துவிடுவதும் உண்டு.

சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கடந்தும் முடி சரிவர வளரவில்லையாயின் மருத்துவரிடம் கூற வேண்டும். டோசிடாக்சல் போன்ற சில மருந்துகளுக்குப் பின், அரிதாகச் சிலருக்கு முடி முழுமையாகத் திரும்புவதில்லை. மார்பகப் புற்றுநோய் மீண்டும் வாராதிருக்கப் பல ஆண்டுகள் உட்கொள்ளும் தமோக்சிபன் போன்ற மாத்திரைகளும் முடியின் அடர்த்தியைக் குறைக்கக்கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுதல் கூடாது.

புதிய முடியைப் பேணுதல்

சிகிச்சை நடைபெறும் காலத்தில் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் குறைந்துவிடுவதால், சிறு கீறலும் சீழ்பிடிக்கும். உதிரும் முடியைக் களைந்துவிட விரும்புவோர் சவரக்கத்தியைத் தவிர்த்து, மின்சார முடிவெட்டியால் ஒட்ட வெட்டிக்கொள்வதே பாதுகாப்பானது. அக்காலத்தில் 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் கண்டால், இரவாயினும் பகலாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முடி அரும்பிய பின்னர் வாரத்திற்கு இரண்டு முறை, வீரியம் குறைந்த ஷாம்பூவைக் கொண்டு, வெதுவெதுப்பான நீரில் தலையைக் கழுவினால் போதும். சீயக்காய்த் தூள் அரைபட்ட துகளாக இருப்பதால் இளந்தோலை உராயும்; சில மாதங்கள் அதை ஒதுக்கி வைக்கலாம். துண்டால் அழுத்தித் துவட்டாமல் ஒற்றி எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைச் சிறிதளவு மென்மையாகத் தடவலாம். சூடேற்றிய எண்ணெய், அழுத்தமான தேய்ப்பு, இறுக்கிய கொண்டை, சூடான காற்றுக் கருவி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். புண் உள்ள இடத்தில் எந்தப் பச்சிலையையும் அரைத்துப் பூசலாகாது.

வேலைக்குத் திரும்பும் தொழிலாளர்கள் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். விடியுமுன் மரம் சீவுவோர் அணியும் தலைவிளக்கின் பட்டை தலைத்தோலை உராயாதவாறு, அதன் கீழ் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளலாம். முடியில்லாத தலை வெயிலில் எளிதில் வெந்துவிடும். ஆகவே பருத்தித் துணியோ அகன்ற தொப்பியோ இன்றியமையாதது. முடியில் பால் ஒட்டி உறைந்துவிட்டால் பிடித்து இழுத்தல் கூடாது. அந்நுனியைக் கத்தரியால் வெட்டிவிடுவதே நல்லது. அமோனியாவும் அமிலமும் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தலையைத் தொட வேண்டும்.

சாயம் எவ்வாறு வேலை செய்கிறது?

நிலையான முடிச்சாயத்தில் பெரும்பாலும் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கும். முதலாவது அமோனியா. பால் உறைந்துவிடாமலிருக்க நாம் சேர்க்கும் அதே அமோனியா, முடியின் மேற்செதில்களை விரியச் செய்து சாயத்திற்கு வழிவிடுகிறது. இரண்டாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. இது முடியின் இயற்கை நிறத்தை வெளுத்து, சாயத்தை உருவாக்குகிறது. மூன்றாவது, சுருக்கமாகப் பி.பி.டி. எனப்படும் பாராபினைலின்டயமின். கருமை நிறம் தருவது இதுவே. கடுமையான ஒவ்வாமை தருவதும் பெரும்பாலும் இதுவே.

மோட்டார் வண்டிச் சக்கரங்களின் இரப்பர் வெடித்துப் போகாமலிருக்கத் தொழிற்சாலைகளில் சேர்க்கப்படும் சில பொருள்கள் இந்தப் பி.பி.டி.யின் இனத்தைச் சேர்ந்தவை. அதனால் கறுப்பு இரப்பர்ப் பொருள்களைத் தொட்டால் அரிப்பெடுக்கும் தோலுடையோருக்கு முடிச்சாயமும் ஒவ்வாமல் போகலாம். அத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் சாயமிடக் கூடாது.

எப்போது, எவ்வாறு இடுவது?

நிலையான சாயமிடுவதற்கு, கடைசி மருந்தேற்றிய பின் ஆறு மாதமாவது பொறுத்திருக்குமாறு மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றனர். சீவிய பட்டை மீண்டும் வளர்ந்து தடிக்கும்வரை அவ்விடத்தில் நாம் கத்தி வைப்பதில்லை. முந்திக்கொண்டு வைத்தால் மரமே கெடும். புதிய தலைத்தோலுக்கும் அப்பொறுமை வேண்டும். முடி ஓரளவு நீண்டு, தலைத்தோலில் புண்ணோ சிவப்போ அரிப்போ இல்லாதிருத்தல் அவசியம்.

அதுவரை நரையை மறைக்க விரும்புவோர், அமோனியாவும் பெராக்சைடும் இல்லாத, கழுவக் கழுவ மங்கிப்போகும் தற்காலிகச் சாயத்தை மருத்துவரின் இசைவுடன் பயன்படுத்தலாம். தூய மருதாணி மற்றொரு வழி. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க: மருதாணி இலை தருவது செம்மை நிறமே; கருமை தருவதன்று. "கறுப்பு மருதாணி" என விற்கப்படும் தூளில் பல வேளைகளில் பி.பி.டி. கலந்திருக்கும். அவுரி இலைத்தூள் சேர்த்துக் கருமை பெறும் முறையும் உண்டு; அதனையும் சோதித்த பின்னரே பூச வேண்டும். ஜி6பி.டி. குறைபாடுடையோர் மருதாணி இடுமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

சோதிக்கும் முறை எளியது. சாயத்தைச் சிறிதளவு காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ தடவி, 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அரிப்பு, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அச்சாயத்தைப் பயன்படுத்தலாகாது. "இருபது ஆண்டுகளாக இதே சாயத்தைத்தானே இடுகிறேன்" எனக் கூறிச் சோதனையைத் தவிர்க்க வேண்டா. முன்பு தாங்கிய தோல் இப்போது தாங்காமல் போகலாம். சாயமிட்ட பின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெட்டியுடன் வரும் கையுறையை அணிந்து, குறித்த நேரத்திற்கு மேல் வைக்காமல் கழுவிவிட வேண்டும். முடிச்சாயத்தைப் புருவத்திலும் இமையிலும் ஒருபோதும் இடலாகாது. 1930-களில் அமெரிக்காவில் பி.பி.டி. கலந்த இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தனர். அக்கொடுமை 1938-இல் அந்நாடு ஒப்பனைப் பொருள்களுக்குக் கடுமையான சட்டம் இயற்றக் காரணங்களுள் ஒன்றாயிற்று. சாயத்தை விழுங்கினால் உயிர் போகக்கூடும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்தல் கடமையாகும்.

நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல், ஒப்பனைப் பொருள் எதுவாயினும் விற்பனைக்கு வருமுன் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்பது விதி. பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலங்களைச் சந்தையில் வாங்காமல், மருந்தகத்தில் விசாரித்து வாங்குவது பாதுகாப்பானது.

சாயமிட்டால் புற்றுநோய் மீண்டும் வருமா எனச் சிலர் அஞ்சுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2008-இல் இதனை ஆராய்ந்தது. நாள்தோறும் சாயத்தோடு பணிபுரியும் முடிதிருத்துவோரின் தொழில், புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புடையது என்று அது கூறியது. தம் தலைக்கு மட்டும் சாயமிடுவோரைப் பொறுத்தவரை, அவ்வாறு முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றது. ஐயமிருப்பின் சிகிச்சையளிக்கும் மருத்துவரையே கேட்பது முறை.

குடும்பத்தாரின் கடமை

தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகனுக்கு முடி காணிக்கை செலுத்தி, தலையில் சந்தனம் பூசி வருவோரை நாம் கைகூப்பி வணங்குகிறோம். ஆணும் பெண்ணும் குழந்தையும் அவ்வாறு செலுத்துகின்றனர். அத்தலைக்கு இல்லாத இழிவு, உயிரைக் காக்க முடியை இழந்த தலைக்கு எங்கிருந்து வரும்? நல்ல காரியங்களுக்கு அவரை அழையாமல் விடுவதும், கூட்டத்தில் உற்று நோக்குவதும், "எப்படி இருந்த கூந்தல்" எனப் பெருமூச்செறிவதும் நம்மிடம் இருக்கலாகாத பழக்கங்கள். கணவரும் மாமியாரும் பிள்ளைகளும் இயல்பாக நடந்துகொண்டாலே அவருக்குப் பாதி மருந்து கிடைத்தாற்போல.

கோலா கெடாவின் மீனவர் குடும்பமாயினும், பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களின் தோட்டக் குடும்பமாயினும், அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ, சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ, பினாங்கு மருத்துவமனைக்கோ செல்லும்போது, முடியைப் பற்றிய ஐயங்களையும் கூசாமல் தாதியரிடம் கேட்க வேண்டும். அது அற்பமான கேள்வியன்று. அவர்கள் நாள்தோறும் விடையளிக்கும் கேள்வியே.

மார்பில் கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் இரத்தக் கசிவோ கண்ட பெண்கள், கூந்தல் போய்விடுமே என்று ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு இந்த வாரமே சென்று காட்ட வேண்டும். சிகிச்சை பெற்று வருவோர் ஒரு தவணையையும் தவறவிடலாகாது. முடி தன் காலத்தில் முளைக்கும். சாயமும் தன் காலத்தில் இடலாம். காலந்தாழ்த்தக் கூடாதது சிகிச்சை ஒன்றே.